இருபது லிட்டர் கேன்

ஆவுடைத்தங்கத்துக்குத் திருட்டுப் பட்டம் கட்டிய மறுநாளே இடது கண்ணில் கண்கட்டி வந்துவிட்டது. வருகிறது எல்லாம் சேர்ந்தாற்போல்தான் வரும்போல.

"நல்லா நேரம் பாத்துத்தான் அனுப்புதே ஆண்டவா" என்று முனகிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டிரண்டு கேனாகத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பூமியில் இப்படித் தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். இது நிலா. இங்கே எந்தக் கனமும் ஆறில் ஒரு பங்குதான். மனக் கனத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

நிலவின் தென்முனையில் பொருநை நிலையம். ஐம்பத்து நான்கு பேர். பெரிய தொலைநோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏவுதளத்துக்குப் பக்கத்து ஆட்களையே வேலைக்கு எடுத்ததால் பாதிப் பேர் தூத்துக்குடி, திருநெல்வேலிக்காரர்கள். அதில் தண்ணீர் அறைப் பொறுப்பு ஆவுடைத்தங்கத்துடையது. குளித்தது, கழுவியது, துவைத்தது எல்லாம் அந்தந்த அறையில் இருக்கும் நீலக் கேனில் கழுத்து வரை நிரம்பும். குழாய் போட்டால் குளிரில் வெடித்துவிடும் என்பதால் கேன்தான். தினமும் நாற்பது கேன். ஒன்றுவிடாமல் தூக்கி வந்து சுத்திகரிப்பு இயந்திரத்தில் ஊற்றுவாள். மறுபக்கம் நல்ல தண்ணீர் மீட்டர் வழியாகத் தொட்டிக்குப் போகும். அதைத்தான் மறுபடியும் எல்லோரும் குடித்தாக வேண்டும், குளித்தாக வேண்டும்.

உள்ளே போவது நாற்பது கேன், அதாவது எண்ணூறு லிட்டர். வெளியே வருவது எழுநூற்று நாற்பத்து நான்கு. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. ஆறு வருடமாக அதே தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றெட்டைத் தொட்டால் நிலையத்தில் குடும்பம் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பது சட்டம். அதற்காக வடிகட்டியை மாற்றினார்கள், இயந்திரத்தையே பிரித்து மாட்டினார்கள். சிந்தும் என்று பயந்து தலைக்குக் குளிப்பதை வாரத்துக்கு ஒரு தடவை ஆக்கினார்கள். தொண்ணூற்று மூன்று அசையவில்லை. பாளையங்கோட்டையில் புருஷன் சுடலைமணியும் மகள் பேச்சியும் ஆறு வருடமாகத் திரையில்தான் அவளுக்குக் குடும்பம்.

இந்த ஐம்பத்தாறு லிட்டர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கத்தான் சென்னையிலிருந்து ஆய்வாளர் பத்மலோசனி வந்து இறங்கினார். மூன்று நாள் துருவித் துருவிப் பார்த்தார். நான்காம் நாள் தண்ணீர் அறை மூலையில் ஒரு கறிவேப்பிலைச் செடி அகப்பட்டது.

"இது யார் வச்சது?"

"நான்தான் மேடம். தினம் ஒரு டம்ளர் ஊத்துதேன். என் பங்குத் தண்ணிலேருந்துதான்."

"ஐம்பத்தாறு லிட்டர் குறையுது ஆவுடைத்தங்கம்."

"அம்பத்தாறு லிட்டர் குடிச்சா அது செடியில்ல மேடம், யானை!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அங்கேதான் வினை பிடித்தது. பத்மலோசனி கெட்டவர் இல்லை. எண்ணை நம்புகிறவர், அவ்வளவுதான். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து நிதானமாகக் கேட்டார்.

"தினம் இவ்வளவு போனா தொட்டி மட்டம் இறங்கணும். அந்த அளவுக்கு இறங்கலை. அப்போ யாரோ கணக்குல வராம நிலாப் பள்ளத்துப் பனிக்கட்டியை உருக்கி ஊத்தி மறைக்கிறாங்க. இந்த அறைச் சாவி உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு? மீட்டரையும் சீல் வைக்கிறேன். அதுலயும் கை வச்சிருக்கலாம்."

சனிக்கிழமை கப்பல் திரும்புகிறது, அதிலேயே ஆவுடைத்தங்கத்தையும் அழைத்துப் போவதாக உத்தரவு. காரணம் என்ற இடத்தில் 'தண்ணீர் களவு' என்று எழுதியிருந்தது. நிலாவுக்குப் போனவள் என்று ஊரே கொண்டாடிய பெண், தண்ணீர் திருடியவளாக இறங்கப் போகிறாள். பேச்சியைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? இந்த அழகில்தான் கண்கட்டி.

டாக்டர் கதீஜா காயல்பட்டினத்துக்காரி. இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அளவுக்கண்ணைக் கழட்டாம இது ஆறாது ஆவுடை. இடதை மட்டும் எடுத்துடறேன். வலது இருக்கட்டும்" என்றார்.

"கழட்டக் கூடாதுன்னுல்லா சட்டம்?"

"டாக்டர் சொன்னா கழட்டலாம். அசையாம இரு."

அளவுக்கண் என்பது விழிமேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய வில்லை. உலகத்தில் யாரும் அது இல்லாமல் இப்போது வெளியே போவதில்லை. ஆவுடைத்தங்கம் இருபது வருடத்துக்கு முன் ஒட்டிக்கொண்டதுதான். அது கண்ணில் இருப்பதே மறந்துபோயிருந்தது.

"இது இல்லாம என்ன தெரியும் டாக்டரம்மா?"

"உள்ளது உள்ளபடி தெரியும். இது என்ன செய்யுது? அடின்னு எழுதியிருந்தா அதை மறைச்சு உனக்கு மீட்டர்னு காட்டும். பவுண்டை மறைச்சுக் கிலோன்னு காட்டும். உலகம் பூரா ஒரே அளவுக்கு வாங்கன்னு கெஞ்சிப் பாத்தாங்க. அமெரிக்காக்காரன் மாட்டேன்னுட்டான். சரி, ஆளைத்தான் மாத்த முடியலை, கண்ணை மாத்துவோம்னு இதைக் கண்டுபிடிச்சாங்க. சண்டை தீந்துது. ஆனா நிஜமா என்ன எழுதியிருக்குன்னு பாக்குற பழக்கமும் அதோட போச்சு."

"அதுக்கு வாசிக்க முடியலைன்னா?"

"முதல்ல பாக்குற ஆளைக் கேட்டுக்கும். அவங்க சொல்றதை எல்லாருக்கும் காட்டும். சொட்டு மருந்து காலையில ரெண்டு, சாயந்திரம் ரெண்டு. போ."

ஒரு கண்ணில் உண்மையும் ஒரு கண்ணில் பழக்கமுமாக அவள் தண்ணீர் அறைக்கு வந்து கேனைத் தூக்கினாள். தூக்கியதை அப்படியே கீழே வைத்தாள்.

வலது கண்ணுக்குக் கேனின் தோளில் பளிச்சென்று '20 லி' என்று தெரிந்தது. தினமும் பார்ப்பதுதான். அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் அந்த இடத்தில் '20 லி' இல்லை. நீலத்தோடு நீலமாகப் புடைத்துக்கொண்டு, தடவினால்தான் தட்டுப்படும்படியாக ஓர் எழுத்து வரிசை. ஐந்து யூ.எஸ். கேலன்.

கேனையும் தூக்கிக்கொண்டு நீண்ட தாவலாகத் தாவி நிலையத் தலைவர் கொரேராவின் அறைக்கு ஓடினாள். பிரின்ஸ்லி கொரேரா தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்காரர். நல்ல மனுஷர். அவள் விஷயத்தில் எதுவும் செய்ய முடியவில்லையே என்று இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காமல் இருந்தவர். எதிரில் பத்மலோசனி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி! அது இருபது லிட்டர் கேனே இல்ல! அஞ்சு கேலன்னு போட்டிருக்கு! இந்தா, தடவிப் பாருங்க!"

கொரேரா தடவினார். முகம் மலர்ந்துவிட்டது. நிலையத்தின் கணினியை அழைத்து, "ஒரு கேலன் எத்தனை லிட்டர்?" என்று கேட்டார்.

"நான்கு புள்ளி ஐந்து ஐந்து" என்றது அது அழகான தமிழில்.

பெருக்கத் தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை. ஐந்து கேலன் என்றால் இருபத்திரண்டே முக்கால் லிட்டர். நாற்பது கேன் தொள்ளாயிரத்துச் சொச்சம். குறைவது ஐம்பத்தாறு அல்ல, நூற்று அறுபத்தாறு!

பத்மலோசனி அதையும் எழுதிக்கொண்டார். "நீங்களா வந்து சொன்னதுக்கு நன்றி. கேலன்னா களவு இன்னும் பெருசு. ஆனா எங்க வீட்டுக்குத் தினம் ரெண்டு கேன் வருது ஆவுடைத்தங்கம். இருபது லிட்டர். சென்னையில குழந்தைக்குக்கூடத் தெரியும். உங்களைவிட அந்தக் கேன் எனக்கு நல்லாத் தெரியும்."

தன் வாயாலேயே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆவுடைத்தங்கம் வெளியே வந்தாள். நேராக மருத்துவ அறைக்குப் போய்க் கட்டிலில் விழுந்து ஓவென்று அழுதாள்.

"அது கேலன் இல்ல டாக்டரம்மா, எனக்குக் காலன்!"

கதீஜா முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, "எழுதியிருந்ததை இன்னொரு தடவை சொல்லு. எழுத்து எழுத்தா" என்றார்.

"அஞ்சு. யூ. எஸ். கேலன்."

"அந்த யூ.எஸ்.ஸை அவங்ககிட்ட சொன்னியா?"

"கேலன்னா கேலன்தான? அதுல என்ன ஜாதி?"

"இருக்கே! ரெண்டு ஜாதி இருக்கு" என்று கதீஜா கட்டிலில் தட்டினார். "வெள்ளைக்காரன் நமக்கு விட்டுட்டுப் போன கேலன் நாலரை லிட்டருக்கு மேல. அமெரிக்காக்காரன் கேலன் சின்னது. மூணே முக்காலும் கொஞ்சமும். எனக்கு மருந்து அங்கேருந்து வருதே, அவுன்ஸ்லயே இந்தச் சங்கடம் உண்டு. பைண்ட்னு ஒரு அளவு, அமெரிக்காக்காரனுக்குப் பதினாறு அவுன்ஸ், வெள்ளைக்காரனுக்கு இருபது. நம்ம கணினிகிட்ட தமிழ்ல கேலன்னு கேட்டா எந்தக் கேலனைச் சொல்லும்? தமிழ்ப் புத்தகம் படிச்சுத்தானே வளந்துது! பழைய வெள்ளைக்காரன் கேலனைத்தான் சொல்லும்."

ஆவுடைத்தங்கம் எழுந்து உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "அப்போ அஞ்சு கேலன்..."

"பதினெட்டுக்கு மேல, பத்தொன்பதுக்குக் கீழ. பதினெட்டு புள்ளி ஒன்பது மூணு. வா, போய்ச் சொல்வோம்."

"வேண்டாம் டாக்டரம்மா" என்றாள் அவள். அழுகை நின்றுவிட்டது. "நீங்க ஒரு நம்பர் சொல்லுதிய, அது ஒரு நம்பர் சொல்லுச்சு, அந்தம்மா ஒண்ணு எழுதுதாவ. எல்லாம் சொல்லுத நம்பர்தான். ஆறு வருஷமா இந்தக் கேனை ஒருத்தராவது அளந்து பாத்திருக்கோமா?"

இருபது லிட்டர் கேனை யாராவது அளப்பார்களா? அதன் பேரே இருபது லிட்டர் கேன் ஆயிற்றே!

ஆனால் எதை வைத்து அளப்பது? மீட்டருக்குச் சீல். எந்தக் குடுவையைக் காட்டினாலும் அதன் மேல் உள்ள எண் பொய்யாக இருக்கலாம் என்பார்கள். யோசித்து யோசித்து, ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பலகையில் வரைந்த ஒரு பெட்டி ஞாபகம் வந்தது. பத்து சென்டிமீட்டர் நீளம், பத்து அகலம், பத்து உயரம். அதில் கொள்கிறது ஒரு லிட்டர். யாரையும் நம்ப வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும்.

பட்டறையில் ஒரு இரும்பு ஸ்கேல் கிடந்தது. வலது வில்லையையும் கழற்றச் சொல்லி, வெறுங்கண்ணால் கோடு கோடாக எண்ணி, அலுமினியத் தகட்டை வெட்டி மடக்கினாள். உள்பக்கம் சரியாகப் பத்து வர மூன்று தகடு வீணானது. நான்காவது நின்றது. மூலைக்கு மூலை ஸ்கேலை வைத்துப் பார்த்து, ஒட்டி, கசிகிறதா என்று தண்ணீர் விட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டுக்கூடத்தில் நடு மேசை மேல் ஒரு கேன் நிறைய நல்ல தண்ணீர், பக்கத்தில் அந்தப் பெட்டி, ஓர் அண்டா. ஐம்பத்து நான்கு பேரும் கூடிவிட்டார்கள்.

"மேடம், நான் நாளைக்குக் கப்பல் ஏறணும்னா ஏறிக்கிடுதேன்" என்றாள் ஆவுடைத்தங்கம். "அதுக்கு முன்னால இந்த ஒரு கேனை எல்லாரும் பாக்க அளந்துட்டுப் போறேன். ஆனா எல்லாரும் கண்ணைக் கழட்டணும்."

கூட்டத்தில் சலசலப்பு. "நான் அனுமதி தர்றேன்" என்றார் டாக்டர். முதலில் கொரேரா கழற்றினார். பிறகு ஒவ்வொருவராக. "அட, சிலிண்டர்ல என்னென்னமோ எழுதியிருக்குப்பா!" என்று யாரோ வியந்தார்கள். சுவரிலும் கதவிலும் பாத்திரத்திலும் இதுவரை பார்த்தே இராத எண்களாக இருந்தன. கடைசியில் பத்மலோசனியும் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஸ்கேலை வாங்கிப் பெட்டியின் உள்பக்கத்தைத் தானே அளந்தார்.

"பத்து. பத்து. பத்து" என்றார். "சரி. ஊத்துங்க."

நிலாவில் தண்ணீர் கஞ்சி மாதிரி மெல்லத்தான் விழும். விளிம்புக்கு மேலே குமிழாக எழும்பி நிற்கும். ஆவுடைத்தங்கம் ஒவ்வொரு தடவையும் ஸ்கேலைக் குறுக்கே இழுத்து, அரிசியைத் தலை தட்டுவதுபோலத் தட்டினாள். மிஞ்சியதைச் சொட்டுச் சிந்தாமல் திரும்பக் கேனில் விட்டாள். நிறைந்த பெட்டியை அண்டாவில் கவிழ்த்தாள்.

"ஒண்ணு" என்றார் கொரேரா.

"ரெண்டு" என்றார்கள் நாலைந்து பேர். பத்தைத் தாண்டியபோது கூடம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. பதினைந்து. பதினாறு. ஆவுடைத்தங்கம் ஓரக்கண்ணால் டாக்டரைப் பார்த்தாள். கதீஜா சொன்னது தப்பாக இருந்தால்? இருபதும் நிறைந்துவிட்டால் தன் கையாலேயே தன்னைத் திருடி என்று அளந்து காட்டியதாக ஆகிவிடும்.

"பதினெட்டு!"

பத்தொன்பதாவது பெட்டிக்குக் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தண்ணீர் வந்தது, ஏறியது, இன்னும் ஏறியது. நின்றுவிட்டது. கேனைத் தட்டினாள். ஒரு சொட்டு. இன்னொன்று. அவ்வளவுதான்.

பெட்டி நிறையவில்லை. சுண்டுவிரல் நகத்தளவு குறை.

பத்மலோசனி குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். காலிக் கேனை எடுத்துக் குலுக்கினார். "இது ஒரு கேன் சின்னதா இருக்கலாம்" என்றார், ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. தாமே போய் வேறொரு கேனைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். தாமே ஊற்றினார். தாமே தலை தட்டினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பதினெட்டு நிறைந்தது. பத்தொன்பதாவது அதே நகத்தளவு குறைந்தது.

"கடவுளே" என்றார் மெதுவாக. "நாற்பது கேன், எண்ணூறு லிட்டர் இல்லை. எழுநூத்து ஐம்பத்தேழு. இயந்திரத்துல கழியற பதிமூணு லிட்டருக்குத்தான் தொட்டியும் இறங்கியிருக்கு." அப்படியே திரும்பி, அத்தனை பேர் முன்னாலும் ஆவுடைத்தங்கத்தின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒரு சொட்டும் எடுக்கலை. எழுதினதை என் கையாலேயே கிழிச்சுடறேன். மன்னிச்சுக்குங்க."

கூடம் கைதட்டியதில் அலுமினியக் கூரை அதிர்ந்தது. ஆவுடைத்தங்கம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த ஆரவாரத்தில் கொரேரா மட்டும் கைதட்டவில்லை. அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றவர் திடீரென்று மேசை மேல் ஏறிவிட்டார்.

"ஏய், சத்தம் போடாதீங்க! இருங்கலே! உள்ள போறது எழுநூத்தம்பத்தேழுன்னா, வெளிய வாறது எழுநூத்து நாப்பத்து நாலு. அப்போ நூத்துக்கு எவ்வளவு? யாராவது போடுங்க, எனக்குக் கை ஓடல!"

கதீஜா ஏற்கெனவே போட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு எட்டு."

தொண்ணூற்றெட்டு! ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாளிலிருந்தே தொண்ணூற்றெட்டு. ஆறு வருடமும் தொண்ணூற்றெட்டு. பெண்டாட்டி பிள்ளைகளை எப்போதோ கூப்பிட்டிருக்கலாம். பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை எழுதி மாளாது. ஆறில் ஒரு பங்குக் கனத்தில் மனிதர்கள் சந்தோஷத்தில் குதித்தால் என்ன ஆகும்? நாலு பேருக்குத் தலை கூரையில் இடித்தது. ஒருத்தரும் வலி என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் ஐம்பத்து நான்கு பேரும் வரிசையில் நின்று தலைக்குக் குளித்தார்கள். கறிவேப்பிலைச் செடிக்கு இரண்டு டம்ளர் கிடைத்தது.

சனிக்கிழமை காலை கப்பல் ஏறும் முன் பத்மலோசனி ஆவுடைத்தங்கத்தைத் தனியாக அழைத்தார். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினார்.

"இந்த இருபது லிட்டர் எங்கேருந்து வந்ததுன்னு தேடினேன். இது நிலையத்தோட முதல் நாள் பதிவு. கேன்ல எழுத்து தெளிவா இல்லாததால அளவுக்கண் முதல்ல பார்த்த ஆளைக் கேட்டிருக்கு."

தாளில் இரண்டே வரி. 'இந்தப் பாத்திரம் எவ்வளவு கொள்ளும்?' என்று கேள்வி. அடியில் பதில்: 'இது தெரியாதாக்கும்? எங்க வீட்டுக்காரர் கேன்தான் போடுதாவ. இருபது லிட்டர்.' பேர், ஆவுடைத்தங்கம்.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். புருஷன் பாளையங்கோட்டையில் வீடு வீடாகக் கேன் போடுகிறவன். இருபது லிட்டர் கேனைப் பற்றி அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு. அந்த ஒரு வாய்ச்சொல் ஐம்பத்து நான்கு குடும்பத்தை ஆறு வருடம் பிரித்து வைத்துவிட்டது.

"என்னைக் கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார் பத்மலோசனி. "அறிக்கையில இதைச் சேர்க்கலை. நீங்களே வச்சுக்குங்க."

அவள் வைத்துக்கொள்ளவில்லை. நேராகச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய், நேற்று அளந்த அதே மேசைக்குப் பக்கத்தில் நின்று, தாளை உரக்க வாசித்தாள். "தண்ணியைக் களவாங்கல. ஆனா உங்க ஆறு வருஷத்தை நான்தான் களவாண்டிருக்கேன். என்ன சொல்லணுமோ சொல்லுங்க" என்றாள்.

கொரேரா எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் உன் பக்கத்துலதான் நின்னேன் தங்கச்சி. நீ சொன்னே, நான் தலையாட்டுனேன். அம்பது பேர் ஆட்டுனோம். அளந்து பாத்தியான்னு ஒருத்தன் கேட்டோமா? தப்பாச் சொன்னவளும் நீதான், அளந்து காட்டுனவளும் நீதான். கணக்குச் சரியாப்போச்சு. முதல் கப்பல்ல யார் வீட்டு ஆள் வரணும்னு சீட்டுப் போட்டோம். உன் பேர்தான் வந்துச்சு."

சீட்டுப் போட்டார்களோ இல்லையோ, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம். அவள் அழுது முடிக்கும் முன்பே திரையில் சுடலைமணியைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். பின்னால் பேச்சி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடைத்தங்கம் முழுக் கதையையும் சொன்னாள். பூமிக்குச் சொல் போய்த் திரும்ப இரண்டரை நொடி ஆகும். இந்தத் தடவை அதற்கும் மேலே ஆனது. சுடலைமணி வாசலில் அடுக்கி வைத்திருந்த கேன்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"ஏட்டி," என்றான் தயங்கித் தயங்கி, "அப்போ நான் ஊருக்கெல்லாம் போடுத கேனு?"

ஆவுடைத்தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அதை அளந்து பாத்துட்டுக் கப்பல் ஏறுங்க!"